அவிழ்க்கும் நேரம்

பழைய மளிகைக் கடைகளில் கல்லாப் பெட்டிக்கு மேலே, உத்தரத்திலிருந்து ஒரு தகர டப்பா தொங்கும். அதன் அடியில் ஆணியால் போட்ட ஓட்டை, உள்ளே நூல்கண்டு. ஓட்டை வழியாக இறங்கிய வெள்ளை நூல் கடைக்காரரின் தலைக்கு மேலே ஆடிக்கொண்டே இருக்கும். அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். கை மட்டும் மேலே போகும்; நூல் கையோடு வரும்.

எங்கள் ஊர்க் கடையில் பொட்டலம் கட்டிய பெரியவரைச் சிறு வயதில் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கால் கிலோ துவரம் பருப்பு தராசுத் தட்டிலிருந்து தாளுக்குச் சரியும். தாளின் இரண்டு நீள ஓரங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிப்பார். சேர்ந்த ஓரத்தை ஒரு விரல் அகலம் மடித்து, அந்த மடிப்பையே மேலும் மேலும் உருட்டிக்கொண்டு வந்து பருப்பின்மேல் படிய வைப்பார். பிறகு ஒரு பக்கத்து வாயை இரண்டு கட்டைவிரல்களாலும் உள்ளே அமுக்கினால் முக்கோணம் ஒன்று துருத்தி நிற்கும். அதை அடிப்பக்கம் மடக்குவார். பொட்டலத்தை நிமிர்த்தி மேசைமேல் இரண்டு தட்டு. பருப்பு கீழே இறங்கி, மேலே மடிப்பதற்கு இடம் விடும். அந்த வாயும் மூடியபின் நூல் நீளவாக்கில் ஒரு சுற்று, திருப்பிக் குறுக்குவாக்கில் ஒரு சுற்று. நான்கு முனைகளும் ஒரே இழுவிசையில் பிடித்துக்கொள்ளும். கடைசியாக நூலை ஆள்காட்டி விரலில் சுற்றி ஒரு வெடுக்கு. கத்தியோ கத்திரியோ கிடையாது. பசையும் கிடையாது. எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகாது.

முடிச்சில்தான் அவருடைய கவனமெல்லாம் இருந்தது. நூலின் ஒரு முனையை முழுதாக உள்ளே நுழைக்காமல் பாதியில் நிறுத்திச் சிறு வளையமாக விடுவார். வாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் மொத்தக் கட்டும் விட்டுப்போகும். "அம்மாகிட்ட சொல்லு தம்பி, வாலைப் பிடிச்சு இழுக்கணும். கத்திரியெல்லாம் வேணாம்" என்பார். அம்மாவுக்கு அது தெரியும். அவிழ்த்த நூலை ஒரு குச்சியில் சுற்றி வைப்பார். அது பூக்கட்டப் போகும். தாளைத் தடவி நீவி அரிசிப் பானைக்குப் பின்னால் செருகுவார்; அது அலமாரித் தட்டுக்கு விரிப்பாகும். அரை நிமிடத்தில் உண்டான ஒரு பொருள், தன் வேலை முடிந்ததும் மறுபடியும் தாளாகவும் நூலாகவும் பிரிந்து வீட்டுக்குள் கலந்துவிடும்.

பொதிவதையும் மூடுவதையும் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே காரணங்களைச் சொல்வார்கள்: காப்பதற்காக, மறைப்பதற்காக. இரண்டும் உண்மை. ஆனால் நம்முடைய கைப்பழக்கங்களைக் கூர்ந்து கவனித்தால் இவற்றுக்கு முந்திய மூன்றாவது ஒன்று எனக்குத் தென்படுகிறது. இங்கே கட்டுகிறவர் கட்டும்போதே அவிழ்க்கப்போகிறவரை நினைத்துக்கொள்கிறார். அதை யார் அவிழ்க்க வேண்டும், எந்த இடத்தில், எந்த நாளில் என்பதெல்லாம் கட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. கட்டு என்பது பிரியும் நேரத்தைப் பற்றி இரண்டு பேர் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஒருவர் கடவுளாகவும் இருக்கலாம், இன்னும் பிறக்காத பிள்ளையாகவும் இருக்கலாம்.

மொழியும் இதற்குச் சாட்சி சொல்கிறது. தமிழில் மூடுவதற்கு ஏகப்பட்ட சொற்கள்: பொதி, பொட்டலம், பொட்டணம், மூட்டை, சிப்பம், முடிப்பு, உறை, கவசம், போர்வை, காப்பு. ஒவ்வொன்றும் அளவாலும் பொருளாலும் வேறுபடும். புகையிலையும் வெல்லமும் சிப்பம், துணிமணி மூட்டை, பணம் முடிப்பு. திறப்பதற்கோ 'அவிழ்' என்ற ஒரு சொல் பல இடங்களுக்கும் போய்வருகிறது. கட்டு அவிழும், கூந்தல் அவிழும், மொட்டும் அவிழும், புதிரும் அவிழும். வெந்த சோற்றுப் பருக்கைக்கும் 'அவிழ்' என்றே பெயர். உமிக்குள் பொதிந்து கிடந்த அரிசி உலைநீரில் மலர்ந்து விரிவதைப் பார்த்த கண்தான் அந்தப் பெயரை இட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சொல் 'கிழி'. பொற்கிழி என்றால் பரிசுப் பணம் என்றுதான் இன்று பொருள்கொள்கிறோம். கிழி என்பது உண்மையில் கிழித்த துணித்துண்டு. பொன்னைத் துணித்துண்டில் வைத்து முடிந்து கொடுத்தார்கள். காலப்போக்கில் முடிந்த துணியின் பெயரே உள்ளே இருந்த பொன்னுக்கும் ஆயிற்று. திருவிளையாடல் கதையில் மதுரைச் சங்க மண்டபத்தில் தொங்கிய பொற்கிழியை நினைத்துப் பாருங்கள். பாண்டியன் பொன்னைக் குவித்து வைக்கவில்லை, முடிந்து தொங்கவிட்டான். தன் மனத்திலுள்ள ஐயத்தை அவிழ்க்கிறவன் அந்த முடிச்சையும் அவிழ்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. தருமி அறுக்கப் போனபோது நக்கீரர் தடுத்ததும் அந்த ஏற்பாட்டைக் காக்கத்தான். சித்த மருத்துவத்தில் மூலிகையைத் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பதற்கும் பொட்டணம், கிழி என்ற பெயர்களே வழங்குகின்றன.

*

கட்டுச்சோற்றுக்கு வருகிறேன். இலையை அனலில் வாட்டுவதிலிருந்து தொடங்கும் வேலை அது. பச்சை வாழையிலையை அப்படியே மடித்தால் நரம்போடு பிளந்துகொள்ளும். நடுத்தண்டைச் சீவி எடுத்துவிட்டு, அடுப்பு நெருப்புக்கு ஒரு சாண் மேலே இலையைப் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும். மங்கலாக இருந்த பச்சை, நெருப்பின்மேல் போன இடமெல்லாம் கருத்து மினுமினுக்கும். இலையின்மேல் படிந்துள்ள மெழுகுப் பூச்சு சூட்டில் இளகிப் பரவுவதால் வரும் மினுமினுப்பு அது. உள்ளிருக்கும் நீரும் ஆவியாகி, விறைத்திருந்த திசு தளர்ந்துவிடும். இப்போது இலை துணிபோல் மடங்கும், கிழியாது, தண்ணீரும் இறங்காது. புளிச்சோற்றையோ தயிர்ச்சோற்றையோ நடுவில் வைத்து நான்கு பக்கமும் மடித்து, வாழைநாரால் கட்டுவார்கள். மதியம் அவிழ்க்கும்போது சோற்றில் இலையின் மணம் இறங்கியிருக்கும். அடுப்பிலிருந்து இறக்கியவுடன் சாப்பிட்டால் அந்த மணம் கிடைக்காது. நான்கைந்து மணி நேரம் இலைக்குள் இருந்தால்தான் அது சோற்றில் ஏறும். கட்டுச்சோற்றின் ருசியில் பாதி காத்திருப்பில் வருவது.

பெரிய புராணத்தில் திருநாவுக்கரசர் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்துபோகும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. திருச்சிக்கு அருகே மண்ணச்சநல்லூர்ப் பக்கம் உள்ள ஊர் அது. வழியில் பசியும் தாகமும் வருத்துகின்றன. அவர் வரும் வழியில் சிவபெருமான் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, அந்தணர் உருவில் பொதிசோற்றோடு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறார். இளைத்துப்போய் வருகிறீர்கள், என்னிடம் சோறு இருக்கிறது, உண்டுவிட்டுக் குளத்து நீரைப் பருகிப் போகலாம் என்கிறார். கோயில் வரை கூடவே நடந்துவந்து மறைகிறார். கடவுள் நினைத்திருந்தால் சூடான விருந்தையே வரவழைத்திருக்கலாம். சேக்கிழார் அவர் கையில் பொதிசோற்றைக் கொடுக்கிறார். இன்னும் வந்து சேராத ஒருவனின் பசியை முன்னமே நினைத்துச் சமைத்து, ஆறவைத்து, கட்டி எடுத்து வந்தால்தான் பொதிசோறு. அந்தத் தலத்தில் சோற்றுடை ஈஸ்வரர் என்ற பெயரில் ஒரு சன்னதியும் உண்டு.

கல்யாணம் முடிந்து புறப்படும் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கட்டுச்சாதக் கூடை கொடுப்பதும், முதல் பிள்ளை சுமக்கும் மகளுக்குத் தாய்வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவருவதும் இதே நினைப்பின் தொடர்ச்சி.

இலைகளின் கணக்கு பெரியது. அதை முழுதாகப் பட்டியலாக்கப் போவதில்லை. மூக்குப்பொடி ஈரம் போகாமலும் மணம் போகாமலும் இருக்க உலர்ந்த வாழைப்பட்டையில் மடித்தார்கள்; அதனால்தான் அதற்குப் 'பொடி மட்டை' என்று பெயர். பதநீருக்குப் பனையோலைப் பட்டை. பூவுக்கு வாழையிலைத் துண்டு அல்லது தாமரை இலை. தென்மாவட்டங்களில் திருக்கார்த்திகையன்று குருத்தோலைக்குள் மாவை வைத்துக் கட்டி அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டையில் உறையே பாத்திரம், உறையே வாசனை. எந்தப் பொருளுக்கு எந்த இலை என்பதைப் பொருள்தான் முடிவுசெய்தது. உள்ளே இருப்பது எத்தனை நாள் தாங்குமோ, மேலே சுற்றியதும் ஏறக்குறைய அத்தனை நாள்தான் தாங்கியது.

*

திருச்செந்தூரில் விபூதியைப் பன்னீர் மரத்தின் இலையில் வைத்து மடித்துக் கொடுப்பார்கள். இலை விபூதி என்றால் எல்லாருக்கும் தெரியும். இலையிலுள்ள பன்னிரண்டு நரம்புகளும் முருகனின் பன்னிரண்டு கைகள் என்பது நம்பிக்கை. ஆகவே உறையே கடவுளின் கை ஆகிவிடுகிறது. அங்குள்ள இராஜகோபுரத்தைக் கட்டிய தேசிகமூர்த்தி சுவாமிகளைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கூலி கொடுக்கக் காசு இல்லை. அன்றன்றைய வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு இலை விபூதியைக் கொடுத்து, தூண்டுகை விநாயகர் கோயிலைத் தாண்டிய பிறகு பிரித்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவாராம். தாண்டிப்போய்ப் பிரித்தால், செய்த வேலைக்கு ஏற்ற காசு உள்ளே இருக்குமாம்.

கதையை நம்புகிறோமா இல்லையா என்பதைவிட, அதில் உள்ள நிபந்தனையே என்னை நிறுத்துகிறது. இலைக்குள் என்ன இருக்கிறது என்பது எந்த இடத்தில் அவிழ்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. கோபுரத்தடியில் பிரித்தால் சாம்பல்; விநாயகரைத் தாண்டிப் பிரித்தால் கூலி. நாள் முழுதும் கல் சுமந்தவன், வீட்டில் அடுப்பு காத்திருக்கும் நேரத்தில், கைக்குள் மடித்த இலையைப் பிரிக்காமல் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறான். கோபுரம் உயர்ந்தது அந்த நடையால் என்று கதை சொல்பவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

இராமநாதபுரத்துக்கு அருகே உத்தரகோசமங்கையில் உள்ள மரகத நடராசர் ஆண்டு முழுதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். மரகதம் மென்மையானது, ஒலியதிர்வும் அதற்கு ஆகாது, அதனால் சந்தனம் பூசிக் காக்கிறோம் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். மார்கழி ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி மட்டும் காப்பைக் களைகிறார்கள். பச்சைத் திருமேனியைப் பார்க்க அன்று வெளியூர்க் கூட்டமெல்லாம் திரளும். அபிஷேகம் முடிந்து மறுபடியும் சந்தனம் சாத்திவிடுவார்கள். களைந்த சந்தனத்தை அடியவர்கள் பிரசாதமாகப் போற்றி வாங்கிப்போகிறார்கள். சென்னைத் திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரருக்கு ஆண்டு முழுதும் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டும் அது நீங்கும்.

காஞ்சிபுரத்தில் அத்தி வரதருக்குத் தண்ணீரே உறை. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசுக் குளத்துக்குள் 40 ஆண்டு கிடந்து, 48 நாள் வெளியே வருகிறார். 1979இல் வந்தார், பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை இருந்தார். முதலில் கிடந்த கோலம், ஆகஸ்டிலிருந்து நின்ற கோலம். அந்த வரிசைகளில் நின்ற முதியவர்கள் பலருக்கு 2059 என்ற கணக்கு தெரியும். அது தங்களுக்கு இல்லை என்பதும் தெரியும். பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். அடுத்த முறை அவிழும்போது, முன்பு பார்த்தவர் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே.

எல்லாக் கோயிலிலும் தினமும் நடக்கும் மூடல் ஒன்று உண்டு: திரை. அலங்காரம் நடக்கிறது, திரை போட்டிருக்கிறது. உள்ளே மணிச் சத்தமும் பாத்திரம் நகரும் சத்தமும் கேட்கும். வெளியே காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்போம். திரை விலகி, தீபாராதனைத் தட்டு உயரும் நொடியில் கூட்டம் மொத்தமும் ஒரே குரலாகும். திரையே இல்லாமல் அதே சிலையைப் பத்து நிமிடம் பார்த்தபடி நின்றிருந்தால் அந்தக் குரல் எழும்பியிருக்காது.

*

சுவடிகளின் கட்டு இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது. அதில் தப்பு நேர்ந்தால் போவது ஒரு மொழியின் நினைவு.

பனையேட்டில் இரண்டு துளை போடுவார்கள். ஒன்றில் கயிறு கோக்கப்படும். மற்றொன்றில் நாராசம் என்ற மெல்லிய உலோகக் கம்பியோ மூங்கில் குச்சியோ செருகப்படும். ஏடுகள் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். மேலும் கீழும் ஏட்டின் அளவுக்கு மரச்சட்டம். கயிற்றின் முனையில் கிளியின் மூக்கைப்போல் நறுக்கிய ஓலைத்துண்டு ஒன்றை முடிந்திருப்பார்கள். அதன் பெயரும் கிளிமூக்குத்தான். சுற்றிய கயிற்றுக்குள் அதைச் செருகினால் கட்டு நிற்கும். உருவினால் கட்டு விடும். மளிகைக் கடைப் பெரியவரின் நூல்வாலும் இந்தக் கிளிமூக்கும் ஒரே அறிவின் இரண்டு பிள்ளைகள். இதற்குமேல் துணியைச் சுற்றி வைப்பார்கள்.

ஏன் இத்தனை பாடு? பனையோலை காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், வெயிலில் சுருங்கும். கட்டு தளர்ந்திருந்தால் ஒவ்வொரு ஏடும் தன் போக்கில் வளைந்து ஓரம் ஒடியும். இடைவெளிகளில் தூசியும் பூச்சியும் குடிபுகும். அதற்காக இறுக்கிக் கட்டினால் கயிறே ஏட்டின் விளிம்பை அறுத்துவிடும். தளரவும் கூடாது, அறுக்கவும் கூடாது என்ற இடத்தில் விரல் நின்றாக வேண்டும். வடமொழிச் சுவடிகளின் கடைசி ஏட்டில் எழுதியவர்கள் சேர்க்கும் ஒரு வழக்கமான வேண்டுகோள் உண்டு; சுவடியே வாய்திறந்து பேசுவதாக அமைந்தது. எண்ணெய், தண்ணீர், தளர்ந்த கட்டு ஆகிய மூன்றிலிருந்தும் தன்னைக் காக்கச் சொல்லும், மூடன் கையில் தன்னைக் கொடுத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நிகரான பகையாகத் தளர்ந்த கட்டை எண்ணியிருக்கிறார்கள்.

கட்டை நன்றாகக் கட்டியிருந்தும் அவிழ்க்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் எழுதியிருக்கும் கரிவலம்வந்தநல்லூர் நிகழ்ச்சி போதும். வரகுண பாண்டியன் சேர்த்து வைத்தவை என்று சொல்லப்பட்ட ஏடுகளைத் தேடி அந்தக் கோயிலுக்குப் போகிறார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதியாக நெருப்பில் இட்டுவிட்டதாக அங்கே சொல்கிறார்கள். எரித்தவர்கள் அதைக் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பழுதடைந்த ஏட்டுக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்று முறைப்படி நினைத்துத்தான் செய்தார்கள். ஐயரின் நெஞ்சு பட்ட பாட்டை அந்தப் பக்கத்தில் வாசிக்கும் எவரும் மறக்க மாட்டார்கள். ஏடுகளைக் கட்டி வைத்தவர்கள், தமக்குப் பின் வரும் ஒரு வாசகனை நம்பிக் கட்டியிருக்கிறார்கள். அவன் வந்தான். தாமதமாக வந்தான். சீவக சிந்தாமணி 1887இலும் பத்துப்பாட்டு 1889இலும் புறநானூறு 1894இலும் அச்சேறியதற்கு, எத்தனையோ வீட்டுப் பரண்களில் அவர் நேரத்தோடு அவிழ்த்த கட்டுகள் காரணம்.

சரசுவதி பூசையன்று புத்தகங்களை அடுக்கித் துணி போர்த்தி வைத்து, அன்று முழுதும் படிக்கக் கூடாது என்கிறோம். மறுநாள் விஜயதசமியன்று எடுத்து ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும். சுவடிகள் இருந்த காலத்தில், ஆண்டுக்கு ஒருமுறை அவற்றை இறக்கித் தூசி தட்டிப் பார்த்துக் கட்டும் வேலையும் இந்த நாள்களில் நடந்தது என்பார்கள். அப்படியானால் மிகவும் அறிவுள்ள ஏற்பாடுதான். மூடி வைக்கும் சடங்கில், கட்டாயம் திறந்தாக வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக் கோத்திருக்கிறார்கள்.

சாவு வீட்டிலும் இந்த விதி உண்டு. உயிர் போனதும் தாடையைச் சேர்த்து நாடிக்கட்டு, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கால்கட்டு. பிறகு உறவுமுறையார் கொண்டுவரும் கோடித் துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். தாய்மாமன் வீட்டுக் கோடி, சம்பந்தி வீட்டுக் கோடி என்று ஒவ்வொன்றும் ஒரு உறவின் கடைசி வருகை. ஆனால் சுடுகாட்டில், தீ மூட்டுவதற்கு முன் கட்டுகளை அவிழ்த்துவிடுகிறார்கள். அரைஞாண் கயிற்றையும் அறுத்துவிடுகிறார்கள். இசுலாமியர் வீட்டில் ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து துணி என்று கஃபன் இடுவது வழக்கம். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் முடிச்சிட்டுத் தூக்கிப்போகும் அந்த உடலைக் கபுருக்குள் இறக்கிய பிறகு முடிச்சுகளை அவிழ்த்துவிடுவார்கள். நெருப்போ மண்ணோ, கட்டோடு யாரையும் அனுப்புவதில்லை.

*

1933இல் இங்கிலாந்தின் நார்த்விச்சில் ஐ.சி.ஐ. ஆய்வுக்கூடத்தில், வேறு எதையோ செய்யப் போய், வெள்ளை மெழுகு போன்ற ஒன்று கிடைத்தது. அதுவே பாலித்தீன். 1965இல் ஸ்வீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனம், ஒரே துண்டாக அமைந்த கைப்பிடிப் பைக்குக் காப்புரிமை பெற்றது. நம் ஊர்க் கடைகளுக்கு அது வந்து சேர மேலும் சில பத்தாண்டுகள் ஆயின. வந்தபின் நடந்ததை எல்லாரும் குப்பைக் கணக்காகவே பேசுகிறோம். அது பேச வேண்டிய கணக்குத்தான். கூடவே நம் கைகளிலிருந்து ஒரு வினைச்சொல்லும் நழுவிப்போனது. சூட்டால் ஒட்டி மூடிய உறையை அவிழ்க்க முடியாது. அதில் முடிச்சு இல்லை, வாலும் இல்லை. பல்லாலோ கத்திரியாலோ கிழித்தாக வேண்டும். முன்பு கட்டுவதற்காகத் துணியைக் கிழித்தோம். கிழி என்று அதற்குப் பெயரும் வைத்தோம். இப்போது திறப்பதற்காகக் கிழிக்கிறோம். கிழித்தபின் கையில் எஞ்சுவது நூலும் ஆகாது, தாளும் ஆகாது. இயந்திரம் மூடும்போது, அதைத் திறக்கப்போகும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்வதும் இல்லை.

பழைய பொட்டலத்தைக் குறையே இல்லாததாகச் சொல்லவும் நான் தயாரில்லை. செய்தித்தாளில் வடையையும் பஜ்ஜியையும் மடித்துக் கொடுத்த காலம் நெடுங்காலம். எண்ணெய் பட்டால் அச்சு மை ஊறிப் பண்டத்தில் இறங்கும். மையிலுள்ள நச்சுப் பொருள்கள் உடலுக்குக் கேடு என்று இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2016 டிசம்பரில் அறிவுறுத்தியது. 2018ஆம் ஆண்டின் விதிமுறைகளில், உணவைச் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது என்றே எழுதிவிட்டார்கள். சரியான விதி. இந்த விஷயத்தில் நம் பழக்கத்தைவிட ஆணையம் சொல்வதே எனக்கு உடன்பாடு. இலை இருக்க, மை படிந்த தாளுக்குப் போனது நாம் செய்த சோம்பல்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. தடை வந்த முதல் மாதங்களில் எங்கள் பகுதிக் கறிக்கடையில் தேக்கிலை திரும்பி வந்தது. கடைப் பையன் கறியை இலையில் வைத்தான். மடித்தான். ஒரு பக்கம் மடித்தால் மறுபக்கம் திறந்துகொண்டது. நூலை எங்கே பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வரிசையில் நின்றிருந்த ஒரு பாட்டி, "இங்க குடுய்யா" என்று வாங்கி, இலையின் முதுகுப்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, காம்பைக் கிள்ளி, நான்கு மடிப்பில் கட்டிக் கொடுத்தார். பையன் கூர்ந்து பார்த்தான். அடுத்த ஆளுக்கு அவனே கட்டினான்; கொஞ்சம் கோணலாக, ஆனால் ஒழுகாமல். சில மாதம் கழித்து அதே கடையில் கறுப்புப் பை வந்துவிட்டது. அந்தப் பையனின் கை மறுபடியும் மறந்திருக்கும். ஒரு அறிவு தலைமுறை விட்டுத் தலைமுறைக்கு வர ஐந்து நிமிடம் போதும் என்பதையும், தொலைய ஐந்து மாதம் போதும் என்பதையும் நான் அங்கேதான் பார்த்தேன்.

*

எங்கள் அப்பத்தா காசு முடிந்து வைப்பார். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், பிரசவ வலி நீண்டால், பரீட்சை, வழக்கு, மழை எதுவானாலும் சரி. வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, நடுவில் ஒரு நாணயத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முடிவார். என்ன வேண்டினார் என்பதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். காரியம் நடந்ததும் எந்தச் சாமிக்கு முடிந்தாரோ அங்கே போய்ச் சேர்ப்பார். துணியில் எழுத்து எதுவும் இருக்காது. எது யாருக்கு என்பது அவர் நினைவில் மட்டும்தான்.

அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது நான்கு முடிச்சுகள் இருந்தன. ஒன்று பழனிக்கு என்று அத்தைக்குத் தெரியும். ஒன்று சமயபுரத்துக்கு, ஒன்று குலதெய்வத்துக்கு. மூன்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நான்காவதைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. பூசாரியைக் கேட்டதற்கு, அப்படியே குலசாமி உண்டியலில் போட்டுவிடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார் என்றார். அத்தை ஒப்பவில்லை. "எதுக்கு முடிஞ்சுச்சோ, அது நடந்துச்சா நடக்கலையான்னு தெரியாம எப்படிப் போடுறது? இன்னும் நடக்கலைன்னா?" என்று கேட்டுவிட்டு, பூசை மாடத்தில் விளக்குக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

இன்றும் அங்கேதான் இருக்கிறது. மஞ்சள் வெளுத்து வைக்கோல் நிறமாகிவிட்டது. முடிச்சு மட்டும் கல்லாக இறுகிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை மாடத்தைத் துடைக்கும்போது கையில் எடுத்துப் பார்ப்பேன். துணிக்கு மேலாகத் தடவினால் நாணயத்தின் ஓரம் பூவிதழ்போல் வளைந்து வளைந்து போவது தெரிகிறது. பழைய ஓரணாவுக்கும் அப்படித்தான் ஓரம் இருக்கும். 1957இல் கணக்கு மாறியபின் வந்த பத்துக் காசுக்கும் அப்படித்தான். ஓரணா என்றால் அப்பாவின் குழந்தைப் பருவத்துக்கு முடிந்தது. பத்துக் காசு என்றால் எங்களில் யாருக்காகவும் இருக்கலாம்.